பெட்ஸி இறந்தார், கோரி பிழைத்தார்: யாருடைய விசுவாசம் குறைவு?

கேள்வி:

எனக்கு 46 வயது. பள்ளி ஆசிரியை. என் ஒரே தம்பி எட்டு மாதத்துக்கு முன்பு கணையப் புற்றுநோயில் இறந்துபோனான். 39 வயதுதான். வீட்டில் எல்லோரும் உபவாசம் இருந்து ஜெபித்தோம், சபையும் ஜெபித்தது. அவன் போன பிறகு எங்கள் பெண்கள் ஜெபக்குழுவில் ஒரு அக்கா, கோரி டென் பூம் எழுதிய 'தி ஹைடிங் பிளேஸ்' புத்தகத்தைக் கொடுத்தார். "இதப் படிம்மா, நாஜி முகாம்லயே தெள்ளுப்பூச்சிக்காக ஸ்தோத்திரம் சொன்னவங்க இருக்காங்க" என்றார். படித்தேன். அழுகைதான் வந்தது. போன மாதம் அதே குழுவில் இன்னொருவர், தன் கணவருடைய கட்டி மறைந்துவிட்டதாகச் சாட்சி சொன்னார். எல்லோரோடும் சேர்ந்து நானும் கை தட்டினேன். வீட்டுக்கு வந்தால் ஒரு வாய் இறங்கவில்லை. விசுவாசம் கோரியைக் காப்பாற்றியது என்றால் எங்கள் விசுவாசத்தில் என்ன குறை? கல்லூரியில் படிக்கும் என் மகன், "நாஜிகள் கொன்ன அறுபது லட்சம் யூதர்களும் ஜெபம் பண்ணித்தானம்மா இருப்பாங்க?" என்று கேட்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்ல? எனக்கு நம்பிக்கையே போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் தம்பியைப் பற்றி இரண்டு மூன்று வரிகள்தான் இருக்கின்றன. மீதி முழுவதும் உங்கள் விசுவாசத்தைப் பற்றியது. ஏழு வயது இளைய தம்பி, ஒருவேளை நீங்கள் இடுப்பில் தூக்கி வளர்த்தவராக இருக்கலாம், அவர் போய் எட்டு மாதம்தான் ஆகிறது. அவரை நினைத்து அழ வேண்டிய நேரத்தில் நீங்கள் குற்றவாளிக் கூண்டில் ஏறி நின்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். என்னை மிகவும் வருத்தியது அதுதான்.

நான் போதகர் இல்லை. வேதத்துக்கு விளக்கம் சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. நோயிலும் இழப்பிலும் இருப்பவர்களோடு உட்கார்ந்து பேசுவதே என் வேலை. இந்தப் புத்தகத்தை யாரோ கொடுத்து, அதைப் படித்தபின் முன்பைவிட உடைந்துபோய் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் அதை ஒரு தடவைக்கு மேல் படித்தேன், அதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய வேறு சிலவற்றையும் படித்தேன். அந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதில் பாதியை விட்டுவிட்டு உங்களிடம் சொன்னார்களே, அதுதான் குறை.

கதை உங்களுக்குத் தெரியும். ஆனாலும் சில இடங்களை மெதுவாகத் திரும்பப் பார்க்கலாம்.

நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில், பார்டல்யோரிஸ் தெருவில் ஒரு கடிகாரக் கடை. காஸ்பர் டென் பூம் என்ற முதியவர், திருமணம் ஆகாத அவருடைய இரண்டு மகள்கள் பெட்ஸி, கோரி. 1940 மே மாதம் ஜெர்மனி அந்த நாட்டைப் பிடித்தது. அங்கே இருந்த யூதர்கள் சுமார் 1,40,000 பேர். அவர்களில் 1,00,000-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். மேற்கு ஐரோப்பாவில் யூதர்கள் இந்த அளவுக்கு அழிக்கப்பட்ட நாடுகள் மிகக் குறைவு. அந்தக் காலத்தில்தான் இந்தக் குடும்பம் கதவைத் திறந்து வைத்தது. மேல்மாடியில் கோரியின் படுக்கையறையில் ஒரு பொய்ச்சுவர் எழுப்பி, அதற்குப் பின்னால் ஆட்கள் நிற்கும் அளவுக்கு இடம் செய்தார்கள். 1944 பிப்ரவரி 28-ம் தேதி யாரோ காட்டிக்கொடுத்து நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ வந்தபோது, அந்தச் சுவருக்குள் ஆறு பேர் நின்றிருந்தார்கள். நான்கு யூதர்கள், நாஜிகளை எதிர்த்த தலைமறைவு இயக்கத்தைச் சேர்ந்த இரண்டு பேர். வீட்டையே புரட்டிப்போட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. சுமார் இரண்டு நாள் தண்ணீரில்லாமல் உள்ளேயே நின்று, அப்புறம் இயக்கத்தின் உதவியால் வெளியே வந்தார்கள்.

காஸ்பருக்கு அப்போது 84 வயது. வயதைப் பார்த்து, இனி வம்பு எதுவும் பண்ணமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தால் வீட்டிலேயே சாகலாம் என்று ஒரு அதிகாரி சொன்னார். இன்றைக்கு வீட்டுக்கு அனுப்பினால் நாளைக்கே உதவி கேட்டுக் கதவைத் தட்டுகிற யாருக்கும் திறப்பேன் என்றார் பெரியவர். சிறைக்குப் போன பத்தாவது நாள் இறந்துபோனார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். 'விசுவாசம் காப்பாற்றியது' என்று உங்களுக்குச் சொன்னார்கள். இந்தக் குடும்பத்தை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்ததே அந்த விசுவாசம்தான். அவர்கள் யூதர்கள் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு கடிகாரம் பழுதுபார்த்திருந்தால் போர் முடியும்வரை அந்த வீட்டிலேயே இருந்திருக்கலாம். கதவைத் திறந்ததற்கு அப்பா போனார், பெட்ஸி போனார், அண்ணன் மகன் கிக் முகாமில் இறந்தான், அண்ணன் வில்லம் சிறையில் பிடித்த நோயால் 1946-ல் இறந்தார். என்ன விலை ஆகும் என்று தெரிந்துதான் திறந்தார்கள். உயிருக்கு உத்தரவாதம் என்று அந்த வீட்டில் யாரும் விசுவாசத்தை நினைத்ததாகப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை.

சரி, தெள்ளுப்பூச்சி விஷயத்துக்கு வருவோம். 1944 செப்டம்பரில் சகோதரிகள் இருவரையும் ராவன்ஸ்ப்ரூக் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பெர்லினுக்கு வடக்கே, பெண்களுக்கென்றே நாஜிகள் கட்டிய முகாம். லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதற்குள் போனார்கள், பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. 400 பேருக்குக் கட்டிய 28-ம் எண் கொட்டடியில் 1,400 பேர் இருந்ததாகக் கோரி எழுதுகிறார். நாறிப்போன வைக்கோல், அதில் தெள்ளுப்பூச்சி. பெட்ஸி அப்போது தெசலோனிக்கேயர் நிருபத்தில் காலையில் படித்த வசனத்தை நினைவுபடுத்தி, "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்றிருக்கிறதே என்று ஒவ்வொன்றாக நன்றி சொல்லத் தொடங்குகிறார். இருவரையும் பிரிக்காமல் சேர்த்துப் போட்டதற்கு நன்றி. கையில் வேதம் இருப்பதற்கு நன்றி. கடைசியில் தெள்ளுப்பூச்சிக்கும் நன்றி.

உங்களுக்கு அந்த அக்கா சொன்னது இதுவரைதான். அடுத்து வரும் பதில் கோரியுடையது. கடவுளே நினைத்தாலும் ஒரு தெள்ளுப்பூச்சிக்காக என்னை நன்றி சொல்ல வைக்க முடியாது என்கிறார். இந்தத் தடவை பெட்ஸி சொல்வது தப்பு என்றே மனதுக்குள் நினைக்கிறார். புத்தகத்தை எழுதியவர் பெட்ஸி இல்லை, கோரி. நன்றி சொல்ல முடியாமல் நின்றவர்தான் நமக்கு இதைச் சொல்கிறார். குளிர்காலத்தில் விடியுமுன் வரிசையில் நிறுத்துவார்கள். காற்று படாத நடு இடத்துக்கு அக்காவையும் தன்னையும் நகர்த்திக்கொண்டு, ஓரத்தில் நின்று விறைத்தவர்களை மறந்ததையும் அவர் மறைக்கவில்லை. ஜெபம் வறண்டுபோன நாட்களையும் எழுதியிருக்கிறார். நீங்கள் அந்தப் புத்தகத்தில் உங்களைத் தேடினால் கோரியின் பக்கத்தில்தான் கிடைப்பீர்கள். அது குறைவான இடம் கிடையாது. புத்தகமே அந்த இடத்திலிருந்துதான் எழுதப்பட்டிருக்கிறது.

காவலாளிகள் அந்தக் கொட்டடிக்குள் வராததற்குத் தெள்ளுப்பூச்சியே காரணம் என்று பின்னால் தெரியவருகிறது. அதனால் இரவில் பயமில்லாமல் வேதம் வாசிக்க முடிந்தது. ஒருவர் டச்சு மொழியில் இருப்பதை ஜெர்மனில் சொல்ல, அது பிரெஞ்சு, போலிஷ், ரஷ்யன், செக் என்று படுக்கைக்குப் படுக்கை மாறிப் போனது. அந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். ஆனால் பெட்ஸி அந்த நன்றியை யாரிடம் சொன்னார் என்று கவனித்தீர்களா? தன்னோடு அதே வைக்கோலில் கடிபட்டுப் படுத்திருந்த தங்கையிடம். பிள்ளையைப் பறிகொடுத்த பக்கத்துப் படுக்கைக்காரியிடம் போய், இதற்கு நன்றி சொல்லு என்று அவர் சொல்லவில்லை. துன்பத்துக்குள் இருப்பவர் தானாகச் சொல்லும் நன்றியை வெளியே இருப்பவர் கட்டளையாகக் கேட்கக்கூடாது. தம்பியின் நோய்க்கோ சாவுக்கோ நீங்கள் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டியதில்லை. வந்தால் என்றைக்காவது வரட்டும். வராவிட்டாலும் போகட்டும்.

அதே புத்தகத்தில் வைட்டமின் சொட்டுமருந்து புட்டி ஒன்று வருகிறதே, ஞாபகம் இருக்கிறதா? தீர்ந்துபோக வேண்டிய சின்னப் புட்டி. கேட்பவர்களுக்கெல்லாம் பெட்ஸி கொடுக்கக் கொடுக்கச் சொட்டு வந்துகொண்டே இருந்தது என்கிறார் கோரி. சாறிபாத் விதவையின் எண்ணெய்க் கலயத்தோடு ஒப்பிட்டு அதை அற்புதம் என்றே எழுதுகிறார். நான் அதை மறுக்கவோ நிரூபிக்கவோ வரவில்லை. ஆனால் அந்தச் சொட்டைத் தினமும் குடித்த பெட்ஸி 1944 டிசம்பர் 16-ம் தேதி அதே முகாமில் இறந்துபோனார். 59 வயது. புட்டி வற்றவில்லை, பெட்ஸி பிழைக்கவில்லை. இரண்டும் ஒரே புத்தகத்தில் சில பக்க இடைவெளியில் இருக்கின்றன. ஒன்றை வைத்து இன்னொன்றை விளக்கக் கோரி முயலவே இல்லை. அந்த நேர்மைக்காகவே எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

அடுத்த சில நாட்களில் கோரியின் பெயரை வாசித்து, விடுதலை என்றார்கள். கால் வீங்கியிருந்ததால் வீக்கம் வடியும்வரை மருத்துவக் கொட்டடியில் வைத்து, வருடக் கடைசியில் வெளியே விட்டார்கள். ஏன் விட்டார்கள் என்பது பல வருடம் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்தது. அலுவலகத்தில் யாரோ செய்த எழுத்துப் பிழை. அவர் வெளியே வந்த அடுத்த வாரம், அவர் வயதுப் பெண்களை விஷவாயுவுக்கு அனுப்பினார்கள் என்றும் சொல்லப்பட்டது.

இப்போது உங்கள் கேள்வியை எடுத்துக்கொள்வோம். விசுவாசம் இருந்தால் உயிர் தப்பலாம் என்றால், முதலில் தப்பியிருக்க வேண்டியவர் பெட்ஸி. அப்படிச் சொல்பவரோடு முதல் ஆளாகச் சண்டைக்கு வருபவர் கோரியாகத்தான் இருப்பார், ஏனென்றால் தன்னைவிடப் பெரிய விசுவாசி அக்காதான் என்று புத்தகம் முழுக்கச் சொல்கிறார். பெட்ஸியின் சாவை யாரும் விசுவாசக் குறைவு என்று சொல்லத் துணியமாட்டார்கள். பெட்ஸிக்குக் கொடுக்கும் மரியாதையை உங்கள் தம்பிக்கும் கொடுக்கச் சொல்லுங்கள். கணையம் இரைப்பைக்குப் பின்னால், உள்ளே ஆழத்தில் இருக்கும் உறுப்பு. அங்கே வரும் புற்றுநோய் பெரும்பாலும் பரவிய பிறகுதான் தெரியவருகிறது. தெரியும்போது அறுவை சிகிச்சைக்கான கட்டம் பலருக்கும் தாண்டிவிடுகிறது. உங்கள் உபவாசம் ஒரு நாள் குறைந்ததாலோ, நடுவில் ஒரு ராத்திரி சந்தேகப்பட்டதாலோ அவர் போகவில்லை.

கை தட்டிவிட்டு வந்து சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருந்தீர்களே, அதைப் பற்றியும் பேச வேண்டும். இதற்கு நான் இன்னொருவரிடம் போகிறேன். ப்ரீமோ லெவி, இத்தாலிய யூதர், வேதியியல் படித்தவர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர். 1944 பிப்ரவரியில் ஆஷ்விட்ஸ் என்ற நாஜி கொலைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டு உயிரோடு திரும்பியவர். அந்த வருடம் அக்டோபரில் அவருடைய கொட்டடியில் 'தேர்வு' நடந்தது. ஆடையில்லாமல் அதிகாரி முன்னால் ஓட வேண்டும், ஒரு நொடிப் பார்வையில் வாழ்வா சாவா என்று முடிவாகும். அன்று இரவு கூன் என்ற கிழவர் தன் படுக்கையில் ஆடி ஆடிச் சத்தமாக ஜெபிக்கிறார். தன்னைத் தேர்ந்தெடுக்காததற்குக் கடவுளுக்கு நன்றி. பக்கத்துப் படுக்கையில் பெப்போ என்ற கிரேக்கப் பையன், இருபது வயது, நாளை மறுநாள் விஷவாயுவுக்குப் போகப்போகிறவன், அது தெரிந்து விளக்கையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான். நான் கடவுளாக இருந்தால் கூனின் ஜெபத்தைத் தரையில் துப்பிவிடுவேன் என்று எழுதினார் லெவி.

கடுமையான வார்த்தை. கேட்கவே உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கூன் ஜெபித்தது லெவிக்குப் பிரச்சினையாக இல்லை. பெப்போ பக்கத்தில் படுத்திருக்கும்போது, நான் காப்பாற்றப்பட்டேன் என்று உரக்கச் சொன்னதுதான் பொறுக்கவில்லை. உங்கள் குழுவில் சாட்சி சொன்ன பெண்மணி கெட்டவர் இல்லை. கணவர் பிழைத்த சந்தோஷம் அவருக்கு. பாவம், கூனும் மரண பயத்தில் நடுங்கிய கிழவர்தான். ஆனால் அன்றைக்கு அந்த அறையில் பெப்போவின் இடத்தில் நீங்கள் இருந்தீர்கள், ஒருவரும் உங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. சோறு இறங்காதது பொறாமையும் இல்லை, அவிசுவாசமும் இல்லை. கொஞ்ச நாளைக்குச் சாட்சிக் கூட்டத்துக்குப் போகாதீர்கள். கேட்டால், "தம்பி போன துக்கம் இன்னும் ஆறல, அந்த நேரம் மட்டும் வெளிய இருக்கேன்" என்று சொன்னால் போதும். உங்கள் ஆயரிடமோ, குழுவில் நீங்கள் நம்பும் ஒருவரிடமோ இதை நேராகச் சொல்லுங்கள். அதே அறையில் துக்கத்தில் இருப்பவர்களும் உண்டு என்பதைச் சாட்சி சொல்லும் முன் நினைவுபடுத்துவது அவர்கள் பொறுப்பு.

புத்தகம் கொடுத்த அக்காவைப் பற்றி ஒன்று. உலகம் நியாயமாக நடக்கிறது, நல்லவர்களுக்கு நல்லதே நடக்கும் என்று நம்பாவிட்டால் நம்மில் பலருக்கு ராத்திரி தூக்கம் வராது. மெல்வின் லெர்னர் என்ற உளவியலாளர் இதைப் பற்றியே பல வருடம் ஆராய்ந்தார். ஒரு நல்ல மனிதர் 39 வயதில் இறந்தால் அந்த நம்பிக்கை ஆடிப்போகிறது. உடனே ஏதோ ஒரு குறையைக் கண்டுபிடித்து அதை முட்டுக்கொடுக்கப் பார்க்கிறோம். உங்களைக் குறை சொல்பவர்களின் பேச்சில் அவர்களுடைய பயம்தான் அதிகம் இருக்கிறது. இது புரிந்தால் வலி போய்விடும் என்று சொல்லமாட்டேன். அந்தப் பேச்சைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

லெவி ஏன் பிழைத்தார்? அவரே சொல்லும் பதில் அதிர்ஷ்டம். தொழிற்சாலைக்கு ஆள் பற்றாக்குறை வந்த 1944-ல் கொண்டுபோகப்பட்டது, வேதியியல் தெரிந்ததால் ஆய்வுக்கூட வேலை, லொரென்சோ என்ற கொத்தனார் ஆறு மாதம் தினமும் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து தந்த சூப். கடைசியில் முகாமையே காலிசெய்து எல்லோரையும் பனியில் நடத்திக் கூட்டிப்போனபோது, செங்காய்ச்சலோடு நோயாளிக் கொட்டடியில் விடப்பட்டதும் அதிர்ஷ்டமாகவே முடிந்தது. ஊர் திரும்பியபின் பக்தியுள்ள நண்பர் ஒருவர், நீ எழுத வேண்டும் என்றுதான் கடவுள் உன்னைக் காப்பாற்றினார் என்றார். லெவிக்கு அது தாங்கமுடியாத வார்த்தையாக இருந்தது. அப்படியென்றால் மற்றவர்கள் எதற்காக விடப்பட்டார்கள்? விக்டர் ஃபிராங்கல், மனநல மருத்துவர், என் துறையைச் சேர்ந்தவர், அவரும் ஆஷ்விட்ஸிலிருந்து மீண்டவர். வாழ்க்கைக்கு ஓர் அர்த்தம் இருந்தால் எதையும் தாங்கலாம் என்று சொன்னவராகத்தான் அவரை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். முகாம் அனுபவத்தைப் பற்றி அவர் எழுதிய 'மேன்ஸ் சர்ச் ஃபார் மீனிங்' புத்தகத்தின் தொடக்கத்தில், எங்களில் மிக நல்லவர்கள் திரும்பி வரவில்லை என்று அவர் எழுதிய வரியை யாரும் சொல்வதில்லை. அவருடைய மனைவி, தாய், தந்தை, அண்ணன் என்று யாரும் மிஞ்சவில்லை, ஒரு தங்கையைத் தவிர.

விசுவாசத்தால் அங்கே பயனே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. நம்பிக்கையில்லாத லெவியும், ஜான் அமேரி என்ற இன்னொரு நம்பிக்கையில்லாதவரும் ஒன்றை ஒப்புக்கொண்டார்கள். மதமோ அரசியலோ, ஏதோ ஒன்றை உறுதியாக நம்பியவர்கள் முகாமில் தங்களைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தார்கள் என்று. ஆனால் தாக்குப்பிடிப்பது வேறு, உயிரோடு வெளியே வருவது வேறு. கடைசிவரை மனுஷியாக இருக்க, பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு சொட்டு மருந்து கொடுக்க, பெட்ஸிக்கு விசுவாசம் உதவியது. உங்கள் தம்பியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நீங்கள் செய்த ஜெபத்தையும் அப்படிப் பாருங்கள். அந்த நேரத்தில் அவர் தனியாக இல்லை. அது நடந்தது. நோய் குணமாகாததால் அது நடக்காததாகிவிடாது.

உங்கள் மகன். அவன் கேட்டது சரியான கேள்வி, நேர்மையான பதில்: ஆமாம், பலர் ஜெபித்தார்கள். எலீ வீசல் பதினைந்து வயதில் பக்தியுள்ள குடும்பத்திலிருந்து ஆஷ்விட்சுக்குப் போனவர். யூதப் புத்தாண்டன்று ஆயிரக்கணக்கான கைதிகள் முகாம் மைதானத்தில் கூடி ஜெபித்ததையும், அவர்கள் நடுவில் தான் கடவுளைக் குற்றம் சாட்டுபவனாக நின்றதையும் 'நைட்' என்ற நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அகிபா டிரூமர் என்ற பக்தர் அதில் வருகிறார். சாவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபின், எனக்காகக் கதிஷ் ஜெபம் சொல்லுங்கள் என்று நண்பர்களிடம் கேட்கிறார், அது இறந்தவர்களுக்காக யூதர்கள் சொல்லும் ஜெபம். எல்லோரும் சரி என்கிறார்கள். அடியும் வேலையுமான அந்த நாட்களில் மறந்துவிடுகிறார்கள். எந்த விளக்கமும் சேர்க்காமல் வீசல் அந்த இடத்தைக் கடந்துபோகிறார்.

இன்னொன்றும் அவனுக்குச் சொல்லலாம். யூதர்களை நாஜிகள் கொன்றது அவர்கள் என்ன நம்பினார்கள் என்று பார்த்து இல்லை. தாத்தா பாட்டி யூதரா என்று பார்த்தார்கள், 1935-ல் அதற்குச் சட்டமே போட்டார்கள். எடித் ஸ்டைன் யூதக் குடும்பத்தில் பிறந்து கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி ஆனவர், நெதர்லாந்தின் எக்ட் என்ற ஊர் மடத்தில் இருந்தவர். 1942 ஆகஸ்டில் அவரையும் அவருடைய சகோதரி ரோசாவையும் அங்கிருந்து பிடித்துப்போய் ஒரே வாரத்தில் ஆஷ்விட்ஸில் கொன்றார்கள். பக்தர், நாத்திகர், கம்யூனிஸ்ட், கன்னியாஸ்திரி எல்லோரும் ஒரே ரயிலில் போனார்கள். அவர்களுடைய சாவை நம் விசுவாசத்துக்குப் பாடமாக எடுக்கும்போது கொஞ்சம் கூச்சம் வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும். கோரியின் கதையில்கூடச் சுவருக்குள் நின்ற நான்கு யூதர்களின் பெயரை நம் கூட்டங்களில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அப்புறம், இறந்தவர் அவனுக்குத் தாய்மாமன். அவன் கேட்பது அறுபது லட்சம் பேரைப் பற்றி மட்டும் இருக்காது. நீங்கள் அழுதுவிடுவீர்களோ என்று மாமாவின் பெயரைச் சொல்லாமல் சுற்றி வளைத்துக் கேட்கிறான் என்று எனக்குத் தோன்றுகிறது. பதில் தயார் பண்ணிக்கொண்டு போகாதீர்கள். "எனக்கும் தெரியலப்பா, எனக்கும் அதே கேள்விதான்" என்று சொல்லுங்கள். மாமாவைப் பற்றிப் பேசுங்கள். அவன் சபைக்கு வருவானா, நின்றுவிடுவானா என்பதை இந்த வருடத்தில் முடிவுகட்ட வேண்டாம்.

நம்பிக்கை போய்விட்டதா என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்து, நம்பிக்கை முற்றிலும் போனவர்களுக்குக் கடவுள்மேல் இவ்வளவு கோபமும் பயமும் இருப்பதில்லை. வீசல் வாழ்நாள் முழுக்கக் கடவுளோடு சண்டை போட்டார், ஜெபத்தையும் விடவில்லை. லெவி கடைசிவரை நம்பவில்லை. தேர்வு நடந்த அன்று ஒரு நொடி ஜெபிக்கத் தோன்றியதாகவும், தோற்கும் நேரத்தில் ஆட்டத்தின் விதியை மாற்றக்கூடாது என்று ஜெபிக்காமல் விட்டதாகவும் எழுதியிருக்கிறார். இருவரும் நேர்மையான மனிதர்கள். நீங்கள் எந்தப் பக்கம் போவீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஜெபிக்க வார்த்தை வராத ராத்திரியில் 88-ம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். ஆரம்பத்திலிருந்து முடிவுவரை புலம்பல், ஆறுதலாக ஒரு வரிகூட இல்லாமல் இருட்டிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். கென்னத் பார்கமென்ட் என்ற உளவியலாளர், நோயிலும் இழப்பிலும் மதம் மனிதர்களுக்கு எப்படி உதவுகிறது, எப்படிக் காயப்படுத்துகிறது என்று விரிவாக ஆராய்ந்தவர். கடவுள் தண்டிக்கிறார், கைவிட்டார் என்ற எண்ணத்தோடு தனியாகக் கிடப்பவர்கள் அதிகம் துன்பப்படுகிறார்கள் என்று அவருடைய ஆய்வுகள் சொல்கின்றன. அதனால்தான் இதைச் சத்தமாகப் பேசுங்கள் என்று வற்புறுத்துகிறேன். கோபத்தை அடக்கிக்கொண்டு கை தட்டாதீர்கள்.

கோரி பழைய காவலாளியை மன்னித்த பகுதியையும் உங்களிடம் யாராவது நீட்டலாம். 1947-ல், முகாமைவிட்டு வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆன பிறகும், நீட்டிய கையைப் பிடிக்க அவருக்குக் கை எழவில்லை. உங்களுக்கு எட்டு மாதம். அந்தப் பேச்சை இப்போது எடுக்கவே வேண்டாம்.

கடைசியாக, உங்களைப் பார்க்காமல் என்னால் கணிக்க முடியாத ஒரு விஷயம். சாப்பாடு இறங்காதது அந்த ஒரு நாளோடு போய்விட்டதா, தொடர்கிறதா? தூக்கம் வருகிறதா? வகுப்பில் நிற்க முடிகிறதா? தம்பியோடு நாமும் போயிருக்கலாம் என்ற எண்ணம் வருகிறதா? இதில் ஏதாவது ஒன்று வாரக்கணக்கில் நீடித்தால், பக்கத்து அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கோ நீங்கள் நம்பும் மருத்துவரிடமோ போங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. மகனிடமும் அந்த எண்ணைக் கொடுத்து வையுங்கள்.